ஒரு வாரம் கை வைக்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் படிக்கும் இதழில் கை வாட்ச் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வாட்சில் நான் கற்றுக் கொண்ட பாடம் உங்கள் கம்ப்யூட்டருக்கும் அப்படியே பொருந்தும். காசும் மிச்சமாகும்.

நான் இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உள்ள நெட்டப்பாக்கத்தில். என் மகள் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு மெக்கானிக்கல் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். பேட்டரி கிடையாது. கையில் கட்டி நடந்தாலே உள்ளே ஒரு ரோட்டர் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிக் கொள்ளும் ஆட்டோமேட்டிக் வகை. கட்டிய பத்து நாள்களுக்குள் என்னிடம் நான்கு புகார்கள் சேர்ந்துவிட்டன.

ஒன்று, வாட்ச் மூன்று நிமிடம் வேகமாக ஓடுகிறது. இரண்டு, தேதி நள்ளிரவில் மாறாமல் நடுப்பகலில் மாறுகிறது. மூன்று, திங்கட்கிழமை காலையில் பார்த்தால் நின்று போயிருக்கிறது. நான்கு, கையை அசைத்தால் உள்ளே மெல்லிய 'குர்' என்ற சத்தம் கேட்கிறது. புது வாட்சில் இத்தனை கோளாறா? பின் மூடியைத் திறந்து பார்த்தால் என்ன என்று கை துறுதுறுத்தது. திறக்கவில்லை. அதற்குக் காரணம் என் அப்பாவின் வாட்ச்.

அப்பாவின் வாட்ச்

1987-ல் நான் பிளஸ் ஒன் படித்துக் கொண்டிருந்தேன். அப்பாவிடம் தினமும் சாவி கொடுக்கும் வாட்ச் ஒன்று இருந்தது. அது அவருக்கு அலங்காரப் பொருள் இல்லை. எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரே பங்கு மோட்டார். யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பது அந்த வாட்சை வைத்துத்தான் நடந்தது.

வாட்ச் நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். அப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. மாலையில் ரேடியோவில் செய்தி தொடங்கும்போது முள்ளை நகர்த்தி வைப்பார். அவ்வளவுதான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்பா தூங்கும்போது பின் மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரு சிறிய நெம்புகோலும், அதன் பக்கத்தில் பிளஸ், மைனஸ் குறிகளும் இருந்தன. ஊக்கின் முனையால் அதைத் தள்ளினேன். ஊக்கு வழுக்கி, தலைமுடி போல இருந்த ஹேர் ஸ்பிரிங்கில் குத்தியது. வாட்ச் நின்றுவிட்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து மோட்டார் முறைக்குச் சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, "மணி என்னப்பா ஆவுது?" என்று கேட்டார். தம்பியிடம் மணி கேட்டு நின்ற அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு நிமிடக் குறையைச் சரி செய்யப் போய், நான் அவருடைய வாட்சையே பறித்துவிட்டேன்.

அதனால் இந்த முறை ஒரு முடிவு செய்தேன். ஒரு வாரத்திற்கு எதையும் திறப்பதில்லை. கவனிப்பது, எழுதி வைப்பது, அவ்வளவுதான்.

முதலில் ஒப்பிடும் கடிகாரம் சரியா?

வாட்ச் மூன்று நிமிடம் வேகம் என்றேன் அல்லவா? எதை வைத்துச் சொன்னேன்? ஹாலில் மாட்டியிருக்கும் சுவர்க் கடிகாரத்தை வைத்து. அதைக் கம்ப்யூட்டருடன் ஒப்பிட்டபோது சுவர்க் கடிகாரமே இரண்டரை நிமிடத்திற்கு மேல் மெதுவாக ஓடுவது தெரிந்தது. குற்றவாளி வேறு ஆள்!

டிவியில் வரும் நேரத்தையும் வினாடி சுத்தமாக நம்பாதீர்கள். ஒளிபரப்பு நம் வீட்டிற்கு வந்து சேர்வதற்குள் சில வினாடிகள் தாமதமாகிவிடும். நம் நாட்டின் நேரத்தைப் பராமரிப்பது புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அணுக் கடிகாரங்களை வைத்து இந்திய நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் நமக்கு எளிய வழி, இன்டர்நெட் இணைப்பு உள்ள கம்ப்யூட்டர்தான்.

விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் பகுதிக்குச் செல்லவும். அதில் டைம் அண்ட் லாங்குவேஜ், பின் டேட் அண்ட் டைம் எனத் தேர்ந்தெடுக்கவும். அங்கே 'சிங்க் நவ்' என்ற பட்டன் கிடைக்கும். அதில் கிளிக் செய்தால் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் உள்ள டைம் சர்வருடன் பேசித் தன் நேரத்தைத் திருத்திக் கொள்ளும். தினமும் வாட்சை ஒப்பிடும் முன் இதனைச் செய்திடவும்.

எக்ஸெல்லில் ஒரு சிறிய அட்டவணை

அடுத்து எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்தேன். முதல் பத்தியில் தேதி. இரண்டாவதில் காலை 7 மணிக்கு வாட்ச் எத்தனை வினாடி முன்னே அல்லது பின்னே இருக்கிறது என்ற எண். மூன்றாவதில் இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்து வரும் வித்தியாசம். நான்காவதில் குறிப்பு: இரவில் வாட்சை எங்கே, எப்படி வைத்தேன், அன்று நடந்தேனா அல்லது நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேனா என்ற விவரம்.

நான்காவது பத்திதான் முக்கியம் என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வாட்ச் நாளொன்றுக்குச் சுமார் 14 வினாடி வேகமாக ஓடுகிறது. ஒரு நாள் 13, ஒரு நாள் 15. மூன்று நிமிடம் எங்கே, 14 வினாடி எங்கே!

14 வினாடி என்பது குறையா? ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். அதில் 14 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஆறில் ஒன்று கூட முழுதாக இல்லை. சுவிட்சர்லாந்தில் காஸ்க் என்ற அமைப்பு வாட்ச் இயந்திரங்களை 15 நாள்கள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பநிலைகளில் சோதித்து 'குரோனோமீட்டர்' என்று சான்று தருகிறது. அந்தச் சான்று பெறும் இயந்திரமே நாளொன்றுக்குச் சராசரியாக 4 வினாடி மெதுவாகவோ 6 வினாடி வேகமாகவோ ஓடலாம். சாதாரண விலையில் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் வாட்ச்களுக்கு வரம்பு இன்னும் அகலம். சீகோ நிறுவனம் தன் 4ஆர் வரிசை இயந்திரங்களுக்குத் தரும் கையேட்டில் 45 வினாடி வேகம் முதல் 35 வினாடி மெது வரை இயல்பு என்றே அச்சிடுகிறது. என் வாட்ச் கையேட்டிலும் இது போன்ற வரம்பு இருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே படித்திருக்க வேண்டும். நாம் யார் கையேட்டைப் படிக்கிறோம்?

நமக்கு ஏன் இது தெரியவில்லை?

இதில் நம் மீது மட்டும் தவறில்லை. எச்.எம்.டி. நிறுவனம் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன உதவியுடன் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. சாவி கொடுக்கும் ஜனதா போன்ற வாட்ச்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. தினமும் சாவி கொடுப்பதும், ரேடியோவைக் கேட்டு முள்ளைத் திருத்துவதும் அன்று எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். பின் 1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூர் தொழிற்சாலையிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்கள் வந்தன. பேட்டரி போட்டால் போதும், மாதக் கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டாம். எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூடுவதற்கு 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்துவிட்டது.

குவார்ட்ஸ் வாட்சில் உள்ள படிகம் ஒரு வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாவி கொடுக்கும் பழைய வாட்ச்களில் பல, வினாடிக்கு ஐந்து முறைதான் 'டிக்' என்னும். இப்போதைய ஆட்டோமேட்டிக் வாட்ச்களில் பல, வினாடிக்கு ஆறு முறை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. குவார்ட்ஸுக்கும் மொபைல் போனுக்கும் பழகிய கண்ணால் மெக்கானிக்கல் வாட்சைப் பார்த்தால் அதன் இயல்பே கோளாறாகத் தெரியும்.

தவறின் அளவு காரணத்தைச் சொல்லும்

இனி மற்ற மூன்று புகார்களுக்கு வருவோம். ஒவ்வொன்றும் எப்படித் தப்பாகிறது, எவ்வளவு தப்பாகிறது என்று பார்த்தால் காரணம் தானாகவே தெரிந்துவிடும்.

தேதி நடுப்பகலில் மாறுகிறது. அதாவது சரியாக 12 மணி நேரம் தவறு. இயந்திரம் கெட்டிருந்தால் இவ்வளவு துல்லியமாகத் தவறு செய்யாது. முள் காட்டும் 12 பகலா, இரவா என்பது வாட்சுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நான் நேரம் வைத்தபோது மாற்றி வைத்துவிட்டேன். முள்ளை 12 மணி நேரம் முன்னே சுற்றியதும் சரியாகிவிட்டது. இதில் ஓர் எச்சரிக்கை. இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை பல வாட்ச்களில் தேதியை மாற்றும் பற்சக்கரம் வேலையில் இருக்கும். அந்த நேரத்தில் சாவியை இழுத்துத் தேதியைத் திருகினால் பல் உடையலாம். முள்ளை 6 மணிக்குக் கொண்டு வந்துவிட்டுத் தேதியைத் திருத்துவது பாதுகாப்பானது.

திங்கள் காலையில் நிற்கிறது. மற்ற நாள்களில் நிற்பதில்லை. அட்டவணையின் குறிப்புப் பத்தியைப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை கழற்றி வைக்கிறேன், ஞாயிறு முழுவதும் கட்டுவதில்லை. முழுதாக முறுக்கிய ஸ்பிரிங் சுமார் 40 மணி நேரம் ஓடும். ஆனால் நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மவுஸை மட்டும் நகர்த்துகிறவன் கையில் ஸ்பிரிங் முழுதாக முறுக்கிக் கொள்ளாது. சாவி கொடுக்கும் வசதியும் உள்ள வாட்ச் எனில், ஞாயிறு காலை 20 முதல் 30 சுற்று கொடுத்தால் போதும். எனக்குச் சரியாகிவிட்டது. கோளாறு வாட்சில் இல்லை, என் வாரக் கடைசியில்!

'குர்' என்ற சத்தம் ரோட்டர் சுழலும் சத்தம். அது சுழல்வதால்தான் வாட்சே ஓடுகிறது. கம்ப்யூட்டரில் பேன் ஓடும் சத்தம் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இது போலவே சில வாட்ச்களில் சாவியை இழுத்தாலும் வினாடி முள் நிற்காது. அந்த வசதி வைக்கப்படவில்லை என்று பொருள். கெட்டுப் போனது என்று பொருளில்லை.

ஸ்பீக்கர் செய்த வேலை

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். 14 வினாடியைக் குறைக்கலாமே என்று ஆசை வந்தது. வாட்சைத் திறக்காமலே குறைக்க ஒரு வழி உண்டு. இரவில் வாட்சை வைக்கும் நிலையைப் பொறுத்து ஓட்டம் சில வினாடி மாறும். டயல் மேலே பார்க்க வைப்பது, சாவி மேலே இருக்க நிறுத்தி வைப்பது என ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு இரவு சோதித்தால் எது மெதுவாக்குகிறது என்று தெரியும். அந்த நிலையில் தினமும் வைத்தால் பகலில் ஏறியது இரவில் இறங்கிவிடும்.

வாட்சை நிறுத்தி வைக்க ஏதாவது சாய்மானம் வேண்டுமே? கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பொருத்தமாக இருந்தது. அதன் மேல் சாய்த்து வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் வாட்ச் பல நிமிடம் வேகம். அதன் பின் ஒவ்வொரு நாளும் சுமார் ஆறு நிமிடம் முன்னே ஓடியது. 14 வினாடி எங்கே, ஆறு நிமிடம் எங்கே! இது இயல்பு இல்லை என்று அட்டவணையே சொன்னது. எந்த இரவில் மாறியது என்று குறிப்புப் பத்தியைப் பார்த்தேன். 'ஸ்பீக்கரில் சாய்த்து வைத்தது' என்று என் கையாலேயே டைப் செய்திருந்தேன்.

ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. வாட்சின் ஹேர் ஸ்பிரிங் காந்தமாகிவிட்டால் அதன் சுருள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். சுருளின் நீளம் குறைந்தது போலாகி, பேலன்ஸ் வீல் வேகமாக ஆடும். காந்தம் பட்ட வாட்ச் திடீரென்று நிமிடக் கணக்கில் வேகமாவது இதனால்தான். ஸ்பீக்கர் மட்டுமல்ல, மூடியில் காந்தம் வைத்த மொபைல் கவர், டேப்லட் கவர், லேப்டாப் எல்லாமே எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டியவை. சிறிய திசைகாட்டியை வாட்சின் அருகே கொண்டு சென்று, ஊசி நன்றாகத் திரும்பினால் காந்தம் ஏறியிருக்கிறது எனச் சந்தேகிக்கலாம்.

பழைய சி.ஆர்.டி. மானிட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் திரையின் ஓரத்தில் பச்சையும் ஊதாவுமாகக் கறை தெரியும். மெனுவில் 'டீகாஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரை ஒரு முறை நடுங்கிச் சரியாகும். வாட்சுக்கும் அதே வைத்தியம்தான்.

அப்பாவின் வாட்சையும் ஒரு சிறிய டப்பாவில் எடுத்துக் கொண்டு பஸ் ஏறினேன். புதுச்சேரி பெரிய மார்க்கெட் அருகே ஒரு சந்தில் வயதான ரிப்பேர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அச்செடுத்த அட்டவணையை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"சார், இத்தன வருஷத்துல யாரும் எனக்கு இப்படி எழுதிக் கொண்டாந்து குடுத்ததில்ல. எல்லாரும் 'சரியா ஓடல'ம்பாங்க. எப்படி சரியா ஓடலன்னா சொல்லத் தெரியாது. நான் தொறந்துதான் தேடணும். இத வச்சுப் பாத்தா தொறக்கவே தேவையில்ல."

சிறிய பெட்டி போன்ற கருவியின் மேல் வாட்சை வைத்து, பட்டனை அழுத்திக் கொண்டே மெல்ல மேலே தூக்கினார். இரண்டு முறை செய்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. மறுநாள் முதல் என் வாட்ச் மீண்டும் 14 வினாடிக்கு வந்துவிட்டது. இப்போது ஸ்பீக்கருக்குப் பதில் ஒரு மர டம்ளர் ஸ்டாண்டில் சாய்த்து வைக்கிறேன். 14 வினாடி 8 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேல் எனக்கு வேண்டாம்.

பின் அப்பாவின் வாட்சைக் கொடுத்தேன். திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"யாரு சார் இதுல கை வச்சது?"

"நான்தான் ஐயா. பிளஸ் ஒன் படிக்கறப்ப."

"ஓடிக்கிட்டு இருந்தத நிறுத்திட்டீங்களே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். இன்னொரு பழைய வாட்சிலிருந்து ஸ்பிரிங் கிடைத்தால் மாற்றித் தருகிறேன், அவசரப்படாதீர்கள் என்று வாங்கி வைத்துக் கொண்டார். காத்திருக்கிறேன்.

சரியாக ஐந்தரை மணி நேரம்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவி புது லேப்டாப் வாங்கினாள். அவளுடைய அண்ணன் அதில் விண்டோஸுடன் லினக்ஸையும் சேர்த்துப் பதிந்தான். அதன் பின் விண்டோஸில் நேரம் தவறாகக் காட்டியது. திருத்தினாலும் லினக்ஸ் சென்று திரும்பினால் மீண்டும் தவறு. கடைக்கு எடுத்துச் சென்றிருக்கிறாள். என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"மாமா, பார்மட் பண்ணாத்தான் சரியாவும்னு கடையில சொன்னாங்க. பண்ணிட்டாங்க. என் புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அதுலதான் இருந்திச்சு. வேற எங்கயும் எடுத்து வைக்கல."

"நேரம் எவ்ளோம்மா தப்பா காட்டிச்சு?"

"அஞ்சரை மணி நேரம், மாமா. எப்பப் பாத்தாலும் கரெக்டா அஞ்சரை."

அந்தக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்கவில்லை. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. லினக்ஸ் வழக்கமாக மதர்போர்ட் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக் கொள்ளும். இரண்டும் ஒரே கடிகாரத்தை வேறு வேறு மொழியில் படிக்கின்றன. எது கெட்டுப் போயிற்று? எதுவுமே இல்லை. லினக்ஸில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினால் தீர்ந்துவிடும். அதற்காக மூன்று வாரம் டைப் செய்த ரிப்போர்ட் போயிற்று. கடைக் கட்டணமும் போயிற்று. அந்தப் பெண் இரவெல்லாம் விழித்து மீண்டும் டைப் செய்ததைப் பார்த்தேன்.

இதே கடிகாரம் வேறு விதமாகத் தவறினால் காரணமும் வேறு. மின் இணைப்பை எடுத்துவிட்டு மீண்டும் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்திற்குப் போய்விடுகிறது எனில், மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற மூன்று வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. அப்போது வங்கி தளங்கள் கூடத் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை தரலாம், ஏனென்றால் தளங்களின் சான்றிதழ் தேதியுடன் கம்ப்யூட்டர் தேதி ஒத்துப் போகாது. இதை வைரஸ் என்று சொல்லி பார்மட் செய்கிறவர்களும் உண்டு. நாளுக்கு ஓரிரு வினாடி மட்டும் நகர்கிறது எனில் அது படிகத்தின் இயல்பு. இன்டர்நெட் டைம் சர்வர் திருத்திக் கொள்ளும்.

500 ஜிபி டிரைவ் வாங்கினேன், 465 தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் கேட்கிறார்கள். டிரைவ் தயாரிப்பவர் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட் என்று கணக்கிடுகிறது. வகுத்துப் பாருங்கள், 465 தான் வரும். ஒரு டெராபைட் டிரைவ் 931 ஜிபி எனக் காட்டும். எல்லோருக்கும் ஒரே எண்ணாக வருவதே இது பழுதில்லை என்பதற்குச் சான்று.

புது கம்ப்யூட்டர் முதல் இரண்டு நாள் மெதுவாக இருப்பதும் அப்படித்தான். பின்னணியில் அப்டேட்கள் இறங்குகின்றன, பைல்களுக்கு அட்டவணை தயாராகிறது. அந்த இரண்டு நாளில் பொறுமை இழந்து 'வேகப்படுத்தும்' இலவச புரோகிராம்களை இறக்கிப் பதிகிறவர்கள்தான் உண்மையான தொல்லையை வீட்டிற்குள் கொண்டு வருகிறார்கள்.

காத்திருக்கக் கூடாதவை

எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. வாட்ச் கண்ணாடியின் உள்ளே ஈரம் படிந்தால் அன்றே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நீர் உள்ளே போனால் துரு காத்திருக்காது. '30 மீட்டர்' என்று எழுதியிருப்பது கை கழுவும்போது படும் துளிகளுக்குத்தான், கிணற்றில் குதிப்பதற்கு அல்ல. லேப்டாப் பேட்டரி உப்பினாலோ, கருகும் வாடை வந்தாலோ, தொட்டால் ஷாக் அடித்தாலோ உடனே அணைத்து இணைப்பை எடுத்துவிடவும். ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை விட்டு விட்டு வந்தால், பரிசோதனை செய்யாமல் முதலில் பைல்களைக் காப்பி எடுக்கவும்.

இன்னொரு கேள்வியும் வரும். "சார், ஆன்லைனில் வாங்கினால் சில நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டுமே, காத்திருந்தால் நாள் கடந்து போய்விடாதா?" நியாயமான கேள்வி. அதனால்தான் குறை தெரிந்த அன்று அல்ல, பெட்டியைப் பிரித்த அன்றே அட்டவணையைத் தொடங்குங்கள் என்கிறேன். திருப்பித் தரக் கடைசி நாள் எது என்பதை அதன் முதல் வரியில் எழுதுங்கள். உண்மையாகவே பழுது எனில், தேதியுடன் எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டும் வாடிக்கையாளரை எந்தக் கடைக்காரராலும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பிடும் அளவுகோல் சரியா என்று முதலில் பாருங்கள். கையேட்டில் இயல்பு என்ன என்று படியுங்கள். தவறு எவ்வளவு, எப்போது, எதற்குப் பின் என்று எழுதுங்கள். மாற்றிப் பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பைல்களுக்கு இன்னொரு காப்பி வைத்திடுங்கள். யாராவது "பார்மட் பண்ணிடலாம்" என்றால், "எதனால்?" என்று ஒரு முறை கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாதவர் கையில் உங்கள் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

அந்தக் காரணம் சொல்லத் தெரியாதவர் நீங்களாகவே இருந்தால், ஒரு வாரம் கை வைக்காதீர்கள். 1987-ல் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.